மொட்டை மாடி கிளாஸ்

உள்ள வாங்க கண்ணு, வாங்க. செருப்பை அங்கயே விடுங்க, ஒண்ணும் ஆகாது, வாட்ச்மேன் இருக்காரு. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. நான் ஜன்னலோரம் உக்காந்துக்கறேன், எனக்கு வானம் தெரியணும். ஒண்ணுமில்ல, மூடிக்கிட்டு வருதேன்னு பாத்தேன். நீங்க கேளுங்க.

நவநீதன் சார் போன்ல சொன்னாருங்க. எங்க கம்பெனி ஹெச்.ஆர். அவருதான். காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு வரும், நம்ம ஹாஸ்டல் புள்ளைங்க ஹெல்த் புரோகிராம்ல எதனால சேர்றாங்க, எதனால நின்னுக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணுது, நல்லபடியாப் பேசி அனுப்புங்கன்னாரு. நல்லபடியான்னா என்னன்னு எனக்குத் தெரியுமுங்க. ஓவர்டைம் பத்திப் பேசக்கூடாது. நான் எதுக்குங்க அதைப் பேசறேன்? எனக்கு இந்த ஹாஸ்டலை விட்டா வேற சோலி இல்ல.

ஆனா ஒண்ணு கண்ணு. நீங்க என்கிட்டக் கேக்க வந்ததை நான் உங்ககிட்டக் கேக்கணும்னு காலையில இருந்து இருப்புக் கொள்ளாம உக்காந்திருக்கேன். படிச்ச புள்ள நீங்க. எதனால வந்தாளுங்க, எதனால நின்னாளுங்க? வர்ற வியாழக்கிழமை அந்த ஃபாரின் பையருங்க மறுபடியும் பாக்க வர்றாங்க. நம்மகிட்டத் துணி வாங்கறவங்க அவங்கதான். அன்னைக்கு ஹால் நிறைய ஆள் இல்லீன்னா ஹாஸ்டலை ஏஜென்சிக்குக் குடுத்துருவோம், அவங்களே வார்டனும் போட்டுக்குவாங்கன்னு சார் முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு.

ஏஜென்சி வந்தா நான் எங்கீங்க போறது? ஊட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு. பையன் ஈரோட்டுல இருக்கான். தீவாளி, பொங்கல்னு நோம்பிக்குப் போனா ரெண்டு நாள் மரியாதையா இருக்கலாம். மூணாவது நாள் மருமக பாத்திரத்தை டொம்முன்னு வெப்பா. பையன் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்குவான். இந்த ரூம்தான் கண்ணு எனக்கு ஊடு. இந்தக் கட்டிலு, இந்த ஸ்டவ்வு, அந்தச் சாமி படம். அதுதான் எனக்குப் பயமா இருக்குது. பயம்னே எழுதிக்கங்க, எனக்கென்ன வெக்கம்.

மொதல்ல இருந்தே சொல்றேன்.

எங்க ஹாஸ்டல் புள்ளைங்க பூராவும் வெளி மாநிலம். ஒடிசா, ஜார்க்கண்டு, அந்தப் பக்கம். டெய்லரு, செக்கிங், அயர்னிங்னு வேலை. சின்னஞ்சிறுசுங்க. ஒருத்திக்குக்கூட உடம்புல ரத்தம் இருக்காதுங்க. கண்ணைக் கீழ இழுத்துப் பாத்தா வெள்ளைவெளேர்னு இருக்கும். நான் அவங்களை என்ன குறையா வெச்சிருக்கேன்? நீங்களே பாத்துக்கலாம். சோறு, சாம்பார், வாரத்துக்கு ஒருக்கா கோழி. டிவி ஹால். துணி காயப்போடறதுக்குன்னே கீழ தனி ரூமு. எந்த ஹாஸ்டல்ல இருக்குது சொல்லுங்க? நல்லா நாலு பக்கமும் சுவரு, உள்ள கொடி கட்டி, டியூப்லைட்டு போட்டு, காத்தை வெளிய தள்ளற ஃபேனும் இருக்குது. ஃபேன் இப்ப ஓடலை, சொல்லி வெச்சிருக்கேன். அது ஓடாட்டியும் ரெண்டு மூணு நாள்ல எல்லாம் காஞ்சுரும்.

மொட்டை மாடியிலயா? ஐயோ, அங்க விட்டுட்டு யாரு பதில் சொல்றது? முன்னெல்லாம் தொறந்துதான் கெடந்துச்சு. ஒரு புள்ள அங்க நின்னு பக்கத்து பில்டிங்ல பெயிண்ட் அடிச்ச பையனைப் பாத்துச் சிரிச்சிருக்கா. அவன் ஏணியில நின்னுக்கிட்டே இங்க கை காட்டறான். அன்னைக்குப் போட்ட பூட்டுங்க. அது போக, மெயின் ரோட்டுல இருந்து பாத்தா எங்க மாடிதான் மொதல்ல தெரியும். கார்ல வர்ற வெள்ளைக்காரங்க கண்ணுல பாவாடையும் உள்துணியுமா தொங்கினா நல்லாவா இருக்கும்? சாவி என் இடுப்புலதான். இதோ, இதுதான். இந்தச் சத்தம் கேட்டாலே வராண்டாவுல பேச்சு நின்னுரும்.

ஆங், ஹெல்த் புரோகிராம்.

பையருங்கதான் சொன்னாங்களாம், தொழிலாளிங்க ஆரோக்கியத்துக்கு ஏதாவது செய்யுங்கன்னு. காலையில அரை மணி நேரம் எக்சர்சைஸ், வாரத்துக்கு ஒருநாள் வெயிட் பாக்கறது, சத்து மாத்திரை, மாசம் ஒருக்கா வசுமதி டாக்டரம்மா. எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்க ஒரு மாஸ்டர் பொண்ணு. எல்லாம் இலவசம், கட்டாயமில்ல, அவங்களா விரும்பிச் சேரணும்னு சட்டம். அங்கதாங்க வம்பே. கட்டாயம்னா நான் ஒரு சத்தம் போட்டா எல்லாம் வந்து நிப்பாளுங்க. விரும்பி வரணும்னா என்ன பண்றது?

மொத மாசம் சாப்பாட்டு ஹால்லதான் வெச்சோம். டேபிளை எல்லாம் ஓரங்கட்டி, மாஸ்டர் பொண்ணு பாட்டுப் போட்டுக்கிட்டு தனியாக் குதிச்சுது. பாவமா இருந்துச்சு. எதிர்ல நாலஞ்சு பேரு கொட்டாவி விட்டுக்கிட்டு. சார் அவிச்ச முட்டை குடுங்கன்னாரு. முட்டை குடுத்த அன்னைக்கு வந்தாளுங்க, முட்டையை வாங்கினாளுங்க, போயிட்டாளுங்க. குலுக்கல் போட்டு சில்வர் டப்பா குடுத்தோம். டப்பா கெடைச்சவ மறுநாள் வரலை. கெடைக்காதவளும் வரலை. தூங்கறாளுங்க கண்ணு. அந்த அரை மணித் தூக்கம் அவளுங்களுக்கு அவ்வளவு பெருசு.

அப்பத்தான் சாப்பாட்டு ஹாலுக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் வந்துட்டாங்க. எங்க வெக்கிறது? வாசல்ல வண்டி நிக்குது. சரி, தற்காலிகமா மேல வெச்சுக்கலாம், கிளாஸ் நேரத்துக்கு மட்டும் தொறந்து விடலாம்னு நான்தான் சொன்னேன். அதோட, இப்படியே விட்டா ஆகாதுன்னு ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் கூப்புட்டு உக்கார வெச்சு நானே பேசினேன்.

என்ன பேசினேன்னு சொல்லட்டுங்களா? ரெக்கார்டு ஓடுதுல்ல? 'அடி புள்ளைங்களா, சொத்து சொகம் எல்லாம் அப்பறம். உடம்புதான் மொதல்ல. அம்மா அப்பனை விட்டுட்டு ரயிலேறி வந்திருக்கீங்க, இங்க படுத்துக்கிட்டா யாரு பாப்பா? நாளைக்கு நீங்க புள்ளை பெக்க வேண்டாமா?' அப்படியே உருக்கமா, எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கு அவங்க பாஷை வராது. சஸ்மிதான்னு ஒரு ஒடிசாப் பொண்ணு, அவதான் தமிழ் கொஞ்சம் பேசுவா, அவளை நிக்க வெச்சு மாத்திச் சொல்லச் சொன்னேன். நான் அத்தனை நேரம் பேசினதை அவ ரெண்டே வரியில சொல்லி முடிச்சுட்டா. அவங்க பாஷை அவ்வளவு சுருக்கம் போலிருக்குதுங்க. கடைசியா என்னமோ சொல்லி மாடிப் பக்கம் கையைக் காட்டினா. உடனே எல்லாம் ஒண்ணையொண்ணு பாத்துச் சிரிச்சாளுங்க. சரி, என் பேச்சு உள்ள போயிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில பாக்கணுமே! நான் சாவியை எடுத்துக்கிட்டு முட்டியைப் புடிச்சுக்கிட்டு ஏர்றேன், படிக்கட்டு பூரா புள்ளைங்க. மாஸ்டர் பொண்ணு வர்றதுக்கு முந்தியே வந்து வரிசையா நிக்கறாளுங்க. ஒரு வாரத்துல ஹாஸ்டலே மேல. நவநீதன் சார் நம்பலை, காலையில அவரே வந்து பாத்துட்டு, 'எப்படிம்மா பண்ணுனீங்க?'ன்னாரு. 'மனசுல படற மாதிரிப் பேசணுங்க சார்'னேன். வேற என்ன சொல்றது?

அதுல சில வேடிக்கை கண்ணு. சித்திரை மாசம், காலையிலயே வேத்து ஊத்துது. இவளுங்க சால்வை போத்திக்கிட்டு வருவாளுங்க. வயித்துல ஏதோ கட்டின மாதிரி புடைப்பா. 'ஏம் புள்ள, இந்த வெக்கையில உனக்குக் குளுருதா?'ன்னா தலையை ஆட்டுவா. ஊர்ப் பழக்கம்னு விட்டுட்டேன். அப்பறம் எவளும் மொத வரிசையில நிக்கமாட்டா. பின்வரிசைக்கு அடிச்சுக்குவாளுங்க. தண்ணி டேங்கு பக்கத்துல எடம் புடிக்கத் தள்ளுமுள்ளு. கூச்சம்! பொட்டப் புள்ளைங்கதானே, குனிஞ்சு நிமிரக் கூச்சப்படறாளுங்கன்னு நானே மாஸ்டர் பொண்ணுகிட்ட, டேங்குப் பக்கம் திரும்பி நிக்காதேன்னு சொல்லிட்டேன். ஒரு வார்டன்னா இதையெல்லாம் கவனிக்கணுமுங்க.

இன்னொண்ணு கேளுங்க. ஒரு மாசத்துல அவங்களா வந்து, 'அக்கா, சாயங்காலமும் கிளாஸ் வெய்ங்கக்கா'ங்கறாளுங்க! நாள் பூரா மிசின்ல உக்காந்து வந்தவளுங்க! காலையில ஒருக்கா, ஷிப்ட் முடிஞ்சு ஒருக்கா. சஸ்மிதாதான் எல்லாருக்கும் முன்னாடி நின்னு கேட்டா. சார்கிட்டச் சொன்னேன். அவரு போன்லயே கை தட்டினாரு. ஞாயித்துக்கிழமை லீவு, அன்னைக்கு வேண்டாம்னா, அன்னைக்குத்தான் கட்டாயம் வேணுங்கறாளுங்க. மாஸ்டர் பொண்ணு வரலீன்னாலும் பரவால்ல, நாங்களே செஞ்சுக்குவோம், சாவி மட்டும் குடுங்கன்னா சஸ்மிதா. நல்ல பொண்ணு, நம்பிக்கையான பொண்ணுன்னு அவளையே லீடராப் போட்டு கிளாஸ் நேரத்துக்குச் சாவியை அவ கையில குடுத்துருவேன். எனக்கும் ஏறி எறங்கற வேலை மிச்சம். மேல எனக்கு வேண்டிய சின்னச் சின்ன வேலையையும் அவளே முடிச்சுட்டு வந்துருவா.

மேகமூட்டமா இருந்தா மட்டும் கூட்டம் குறையும். அது சகஜம்தானுங்களே, இருட்டுக் கட்டினா யாருக்குத்தான் எந்திரிக்க மனசு வரும்? ... கண்ணு, இப்ப ஏதாவது சத்தம் கேட்டுச்சா? தூறலா? இல்லையா. சரி, சரி. காத்துதான்.

எங்க விட்டேன்? டாக்டரம்மா. ஆமா, இதை முக்கியமா எழுதிக்கங்க. எங்க புள்ளைங்களுக்கு இருந்த பெரிய சீக்கு என்னன்னா, வெளிய சொல்லக் கூச்சம், அரிப்புங்க. தொடை இடுக்குல, இடுப்புல, அந்த எடத்துல. படையாட்டப் படந்துரும். மிசின்ல உக்காரவே முடியாது, நெளிவாளுங்க. டாக்டரம்மா களிம்பு எழுதி எழுதிக் கையே ஓஞ்சு போச்சு. மாடியில கிளாஸ் ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு அவங்க வந்து பாத்துட்டு, 'என்ன தெய்வானையம்மா, அரிப்புன்னு வர்ற ஆளே இல்ல, என்ன மந்திரம் போட்டீங்க?'ன்னாங்க. நான் சொன்னேன், 'குதிக்கறாங்கல்ல டாக்டர், ரத்தம் ஓடுதுல்ல, கெட்டதெல்லாம் வேர்வையில போயிருது'ன்னு. அவங்க ஒரு மாதிரி பாத்தாங்க. டாக்டருக்குப் படிச்சாலும் எக்சர்சைஸோட அருமை எல்லாருக்கும் தெரியறதில்லீங்க.

பையருங்க மொதத் தடவை வந்தது அப்பத்தான். மாடி நிறையப் புள்ளைங்க கையைத் தூக்கி நிக்கறதைப் பாத்து அசந்து போயிட்டாங்க. ஒரு வெள்ளைக்காரம்மா என் கையைப் புடிச்சுக் குலுக்கி போட்டோ எடுத்துக்குச்சு. சார் சந்தோஷத்துல, இவ்வளவு ஆர்வமா வர்றவங்களை வெயில்ல நிக்க வெக்கலாமா, கீழ பழைய ஸ்டோர் ரூமை இடிச்சு நல்ல ஹாலாப் பண்ணித் தர்றேன்னாரு. ரப்பர் பாய், சுவரு பூராக் கண்ணாடி, பெரிய பெரிய ஃபேனு, பாட்டுக்குப் பெட்டி. எனக்குப் பெருமை தாங்கலை. எல்லாம் என் வாயால வந்தது பாருங்க.

அந்த நேரம் பாத்து ஒரு அசிங்கம் நடந்துச்சு. உங்ககிட்டச் சொல்லலாமான்னு யோசிச்சேன். நீங்களும் பொண்ணுதானே. இது உங்க ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்ல, சும்மா கேளுங்க.

ஒரு மத்தியானம், டேங்கு நெரம்பி தண்ணி வழியுதுன்னு வாட்ச்மேன் சத்தம் போட்டாரு. புள்ளைங்க எல்லாம் வேலையில. வேற வழியில்லாம நானே படி ஏறினேன். டேங்குக்குப் பின்னாடி போயி வால்வை மூடலாம்னு பாத்தா, கண்ணு, என்னத்தைச் சொல்ல! கம்பெனியில வெட்டி மிச்சமான பனியன் துணியைக் கயிறாட்ட முறுக்கி, ரெண்டு டேங்குக்கும் நடுவுல கொடி கொடியாக் கட்டியிருக்காளுங்க. அதுல பூராவும் உள்துணி. மாசாமாசம் வெக்கிற துணி வேற. எல்லாம் நல்ல வெயில்ல மொடமொடன்னு காஞ்சு நிக்குது. யாரோடது எதுன்னு தெரியறதுக்கு மிசின்ல ஓரம் அடிக்கற ஓவர்லாக் நூல்ல கலர் கலரா முடிச்சு. ரோட்டுல இருந்து பாத்தா தெரியக்கூடாதுன்னு மேலாப்புல பழைய துப்பட்டாவைப் பந்தலாட்டப் போத்தியிருக்காளுங்க. காலையில கிளாஸுக்கு வரும்போது சால்வைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்து போடறது, சாயங்காலம் கிளாஸுக்கு வந்து எடுத்துட்டுப் போறது. என்ன கில்லாடித்தனம்! எத்தனை மாசமா என் முதுகுக்குப் பின்னாடி!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. எவ்வளவு நம்பினேன்! உடம்பு நல்லா இருக்கட்டும்னு மாடியைத் தொறந்து விட்டா, அதை இப்படியா பண்றது? அத்தனையும் பிடுங்கி ஒரு சாக்குல அமுக்கிக் கொண்டாந்து, ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஹால் நடுவுல கொட்டினேன். 'யாரோடது எதுவோ எடுத்துக்கங்கடி'ன்னேன். ஒருத்தி நகரலை. சோத்துல வெச்ச கையை எடுக்கலை. சமையல்காரரு அங்க நிக்கறாரு, வாட்ச்மேன் எட்டிப் பாக்கறாரு. நல்லா வெக்கப்படட்டும்னுதான் இருந்தேன். ரெண்டு புள்ளைங்க அழுகுது. அப்ப சஸ்மிதா எந்திரிச்சு வந்தா. கீழ உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்து மடிச்சு மடிலயே வெச்சுக்கிட்டா. 'எல்லாம் என்னுதுக்கா'ன்னா.

எல்லாம் அவளுதாம்! ஒரு ஹாஸ்டல் துணி பூரா! என் மூஞ்சியைப் பாத்து எப்படிப் பொய் சொல்றா பாருங்க. 'எதுக்குடி இப்படிப் பண்ணின?'ன்னேன். அவ அழுகலை. 'அக்கா, கீழ ரூமுல காயறதில்ல. ஈரத்தோட போடறோம். அரிக்குது. வெயில்ல போட்டா அரிப்பு இல்ல'ன்னா. நான் எக்சர்சைஸைப் பத்திப் பேசிட்டு இருக்கேன், அவ வெயிலைப் பத்திப் பேசறா. 'அரிச்சா பவுடர் போடு, அதுக்குத்தான் டாக்டரம்மா வர்றாங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். சார்கிட்டச் சொல்லி லீடர் வேலையில இருந்து எடுத்துட்டோம். சாவி மறுபடி என் இடுப்புக்கு வந்துருச்சு.

கொஞ்ச நாள்ல லீவு கேட்டு ஊருக்குப் போனா. திரும்பி வரலை. அவ கூட அவ ஊர்க்காரிங்களும் கொஞ்சப் பேரு போயிட்டாளுங்க. போற அன்னைக்கு என் ரூமுக்கு வந்து, மடிச்சு வெச்ச என் சேலையை இந்தக் கட்டில்ல வெச்சுட்டு, 'வர்றேன்க்கா'ன்னா. நான் சரியா மூஞ்சி குடுத்துப் பேசலை. என்னமோ இன்னைக்கு வரைக்கும் அது நெஞ்சுல முள்ளாட்டக் குத்துது. நல்ல பொண்ணு. புத்தி கெட்டுப் போச்சு, அவ்வளவுதான்.

சரி, அது கெடக்குது. புது ஹாலு ரெடியாச்சு. ரிப்பன் வெட்டினோம், லட்டு குடுத்தோம். இனிமே வெயில்ல நிக்க வேண்டாம், மாடி ஏற வேண்டாம், ஃபேனுக்குக் கீழ கிளாஸுன்னு நானே மைக்ல சொன்னேன். மறுநாள் பாத்தா மாஸ்டர் பொண்ணு கண்ணாடியில தன்னைத்தானே பாத்துக் குதிக்குது. நாலஞ்சு பேரு கொட்டாவி. பழையபடியே! சாயங்கால கிளாஸுக்கு ஒரு ஈ காக்கா இல்ல. நான் மறுபடியும் பேசிப் பாத்தேன், அதே பேச்சு, இன்னும் உருக்கமா. இப்ப வேற ஒரு புள்ள மாத்திச் சொன்னா. எவளும் சிரிக்கலை. முட்டை குடுத்தோம், டப்பா குடுத்தோம். சார் இப்ப குக்கர் குடுக்கலாமான்னு கேக்கறாரு.

இருங்க, போன் அடிக்குது. சார்தான்.

சொல்லுங்க சார்... ஆமாங்க சார், வந்திருக்காங்க, பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்... நல்லபடியாத்தான் சார்... வியாழக்கிழமைக்கா? வந்துருவாளுங்க சார், நான் பொறுப்பு... ஹால் நெறஞ்சுரும் சார்... சரிங்க... சரிங்க சார்.

பாத்தீங்களா? எங்கிருந்து நெறைக்கறது? கயிறு கட்டியா இழுத்துட்டு வர முடியும்?

போன வாரம் டாக்டரம்மா வந்தாங்க. வரிசையில நின்ன புள்ளைங்க பூராவும் அரிப்பு, அரிப்பு, அரிப்பு. 'எல்லாம் திரும்பி வந்துருச்சே, இங்க என்னத்தை மாத்துனீங்க?'ன்னு என்னையே கேக்கறாங்க. நான் என்னத்தை மாத்தினேன்? அதே சோறு, அதே தண்ணி. எக்சர்சைஸை விட்டுட்டாளுங்க, அரிப்பு வந்துருச்சு. கணக்கு சரியாத்தானே இருக்குது? எக்சர்சைஸ் செஞ்சப்ப இல்ல, விட்டதும் வந்துருச்சு. இதை அவளுங்க மண்டையில ஏத்த ஒரு வழி சொல்லுங்க, ஹால் நெறஞ்சுரும். அதுக்குத்தான் உங்களை இவ்வளவு ஆவலாப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

நான் ராத்திரியெல்லாம் யோசிக்கறேன் கண்ணு. பாட்டு புடிக்கலையோ? கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாக்கக் கூச்சமோ? என் மேல கோவமோ? ஒரு புள்ளையைக் கூப்புட்டு நைசாக் கேட்டுப் பாத்தேன். 'மாடில வெச்சா வருவோம்க்கா'ங்கறா. அதுதான் எனக்கு வெளங்கவே மாட்டேங்குது. இவ்வளவு செலவு பண்ணி ஹாலு கட்டியிருக்குது, ஃபேன் சுத்துது, ரப்பர் பாய் போட்டிருக்குது. அந்தக் கொதிக்கற சிமெண்டுத் தரையில என்ன வெச்சிருக்குது? காத்தாட நிக்கணுமாக்கும்னு நெனைச்சேன். ஹால் ஜன்னலைத் தொறந்து வெச்சேன். அப்பவும் வரலை. நீங்க படிச்சிருக்கீங்களே, உங்களுக்கு ஏதாவது...

ஐயையோ! தூறல் விழுந்துருச்சு. பாருங்க, ஜன்னல் கம்பி நனையுது. சொன்னேன்ல, மூடிக்கிட்டு வருதுன்னு! என் துணி பூரா மேல கெடக்குது கண்ணு. காலையில கஷ்டப்பட்டு ஏறிப் போட்டுட்டு வந்தேன். சேலை, பாவாடை, உள்துணி, எல்லாமே. முன்னெல்லாம் ஒரு பொட்டு விழுந்தா சஸ்மிதா ஓடிப் போயி எடுத்துட்டு வந்து மடிச்சே வெச்சுருவா. இப்ப யாரு இருக்கா? எல்லாம் ஷிப்ட்டுல. என் முட்டி இந்த ஈரத்துல படி ஏறாது.

கண்ணு, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒரு எட்டு நீங்க போயி எடுத்துட்டு வந்துர்றீங்களா? என்னது, கீழ ரூமுலயா? அந்த ரூமுலயா போடச் சொல்றீங்க? அதுல போட்டா பூஞ்சை நாத்தம் அடிக்குமுங்க. மூணு நாளானாலும் பிசுபிசுன்னே இருக்கும். அதை எப்படி உடம்புல போடறது? எனக்கு வயசான உடம்பு, ஈரத்துணி சேராது. நல்ல வெயில் பட்டாத்தான் எனக்கு ஆகும்.

இந்தாங்க சாவி. கொஞ்சம் இழுத்துத் தொறக்கணும். வரும்போது மறக்காமப் பூட்டிருங்க, பூட்டை ஒருக்கா இழுத்துப் பாருங்க. வந்து உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே நிதானமாச் சொல்லுங்க, இந்தப் புள்ளைங்களை மறுபடி வர வெக்க நான் என்னதான் பண்றதுன்னு.

என்ன கண்ணு, சாவியவே பாத்துக்கிட்டு நிக்கறீங்க? போங்க, நனையுது.